வெட்டுண்ட காய்

போரை விளையாட்டாக ஆடலாமா என்னும் வினா புதியதன்று. யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையையும் அறுபத்து நான்கு கட்டங்களுக்குள் அடக்கி, ஒரு துளிக் குருதியும் சிந்தாமல் அரசனை வீழ்த்தும் வழியைச் சதுரங்கமாக வகுத்த நாட்டில் அவ்வினா என்றோ எழுந்திருக்க வேண்டும். திண்ணையில் கரித்துண்டால் கீறிய ஆடுபுலிக் கட்டமும் ஒரு களமே. அங்கே புலி ஆட்டை வெட்டும். ஆடுகள் ஒன்றுகூடிப் புலியை நகரவொட்டாமல் அடைக்கும். அதைப் பேரனோடு ஆடிய பாட்டியை எவரும் கொடியவள் என்று சொன்னதில்லை. விளையாட்டில் வெட்டுவது உண்மையில் வெட்டுவதாகாது என்பது குழந்தைக்கும் தெரியும்.

அவ்வாறாயின் வினா தீர்ந்துவிட்டதா? தீரவில்லை. மரக்கட்டையும் புளியங்கொட்டையும் காயாக இருந்தவரை அது உறங்கிக் கிடந்தது. காய்க்கு முகமும் கண்ணும் காயமும் வந்தபின் அது விழித்துக்கொண்டது.

ஜொகூர் பாருவிலோ பத்து பகாட்டிலோ ஒரு சனிக்கிழமை மாலையில் நண்பர் நால்வர் ஒரு வீட்டின் உணவு மேசையைச் சுற்றிக் கூடியிருப்பதாக வைத்துக்கொள்வோம். மேசையின்மேல் பச்சைத் துணி விரித்திருக்கிறது. அட்டையால் செய்த பண்ணை வீடு ஒன்று கூரை இடிந்து நிற்கிறது. தீக்குச்சிகளை ஒட்டிச் செய்த வேலி, பஞ்சில் சாயம் தோய்த்த புதர், கூழாங்கல் பாறை என்று ஒரு சிற்றூரே அங்கு எழுந்துள்ளது. வீட்டிற்குள்ளும் சுவரோரத்திலும் ஓர் அங்குலத்திற்குச் சற்று மேற்பட்ட உயரமுள்ள வீரர்கள், கருநீலக் கவசமும் செந்நிறக் கையுமாகக் காவல் நிற்கின்றனர். எதிரே பச்சைத் தோலும் கோரைப் பற்களும் உடைய ஓர்க்குகள் என்னும் கற்பனை அரக்கர் கூட்டம். அளவு நாடா ஒன்று, பகடைகள் சில, பக்கங்கள் பழுத்துப்போன தடித்த நூல் ஒன்று. ஆட்டத்திற்கு வேண்டியவை இவ்வளவே.

அந்நூல் 1987ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கேம்ஸ் வொர்க்ஷாப் நிறுவனம் வெளியிட்டது. ரிக் பிரீஸ்ட்லி எழுதிய அதன் பெயர் ‘வார்ஹம்மர் 40,000: ரோக் டிரேடர்’. மனித குலம் விண்மீன்களெங்கும் பரவி, எங்கும் போரிட்டுக்கொண்டே இருக்கும் தொலைதூர எதிர்காலம் ஒன்றை அது கற்பனை செய்கிறது. நூலைக் கற்கத் தொடங்குவோருக்கென்று அதில் ஒரு மாதிரிப் போர் அமைத்துக் கொடுக்கப்பட்டிருந்தது. அதுவே ‘பண்ணை வீட்டுப் போர்’. ரின் என்னும் உலகில், தம் கோட்டையை இழந்த வீரர் சிலர் பெத்ரோ காண்டோர் என்னும் தலைவனின் கீழ் ஒரு பாழடைந்த பண்ணையில் ஒதுங்கியிருக்க, ஓர்க்குகள் அவர்களைத் தாக்குகின்றன. கதை இவ்வளவுதான். பிற்காலத்தில் அவ்விளையாட்டு எத்தனையோ பதிப்புகள் கண்டு மாறிப்போயிற்று. ஆயினும் பல நாடுகளில் நடுவயது கடந்தோரும் இளைஞரும், 1987ஆம் ஆண்டின் விதிகளையே கையாண்டு, அக்காலத்தில் வார்த்த பழைய உருவங்களையே தேடிப் பெற்று, இப்பண்ணை வீட்டுப் போரை மீண்டும் நடத்தி மகிழ்கின்றனர்.

முடிவு தெரிந்த போரை மீண்டும் மீண்டும் நடத்துவதா என்று இதைக் கேட்டு நகைப்பவர் உண்டு. அவர்கள் கந்த சட்டி நாளில் முருகன் கோயிலுக்குச் சென்று வருவது நல்லது. சூரன் வீழ்வான் என்பது அங்கு கூடியிருக்கும் கைக்குழந்தை நீங்கலாக அனைவருக்கும் தெரியும். தெரிந்தும் ஆண்டுதோறும் நெரிசலில் நின்று பார்க்கிறார்கள். திரெளபதியம்மன் கோயில்களில் பதினெட்டாம் நாள் போர் படுகளமாக நடைபெறும்போது, துரியோதனன் எழுந்து வென்றுவிடுவானோ என்று எவரும் அஞ்சுவதில்லை. பழைய போரை மீண்டும் நிகழ்த்துவதில் மனிதன் தேடுவது முடிவை அன்று, வேறொன்றை. அது யாது என்பதைப் பின்னர்க் காண்போம்.

நவீன மேசைப் போருக்கு வழிகாட்டிகளுள் ஒருவர் அறிவியல் புனைகதையின் முன்னோடியாகிய எச். ஜி. வெல்ஸ் என்பது பொருத்தமான செய்தி. செவ்வாய்க் கோளினர் பூவுலகின்மேல் படையெடுக்கும் கதையை 1898இல் நூலாக வெளியிட்ட அவர், 1913இல் ‘சிறு போர்கள்’ என்னும் பொருள்படும் பெயரில் ஒரு சிறு நூல் எழுதினார். வீட்டுத் தரையில் பொம்மை வீரர்களை நிறுத்தி, மரக்குச்சியை எறியும் சிறு பீரங்கியால் சுட்டு, நண்பர்களோடு ஆடும் போருக்கு அதில் விதிகள் வகுத்தார். நகரும் தொலைவுக்கு அளவு உண்டு. கைகலப்புக்கும் கைதி பிடிப்பதற்கும் முறை உண்டு. நூலின் இறுதியில் அவர் வைத்த கருத்தே நாம் எண்ணத்தக்கது. உண்மைப் போர் என்பது உலகம் தாங்காத அளவுக்குப் பெரிய மூடத்தனம் என்பதைச் சிறு போரை மூன்று நான்கு முறை ஆடிய எவனும் உணர்ந்துகொள்வான் என்று அவர் நம்பினார். போரை விரும்புவோரை எல்லாம் ஒரு பெரிய அறைக்குள் விட்டுப் பொம்மைகளோடு ஆடச் செய்தால் மற்றவர்கள் நிம்மதியாக வாழலாம் என்பது அவர் கருத்து. அடுத்த ஆண்டே, 1914இல், முதல் உலகப் போர் மூண்டது. வெல்ஸின் நம்பிக்கை தோற்றது என்று இதனைக் கொண்டு சொல்லிவிடுவது எளிது. ஆனால் போரை மூட்டியவர்கள் பொம்மைகளோடு ஆடியவர்கள் என்பதற்குச் சான்று ஏதுமில்லை. வெல்ஸின் நூலை அவர்கள் படித்தார்கள் என்பதற்கும் சான்றில்லை.

பண்ணை வீட்டுப் போரில் ஒரு சிறப்பு உண்டு. ஆடுவோர் இருவர் போதாது. எப்பக்கமும் சேராத மூன்றாமவர் ஒருவர் வேண்டும். அவரே நடுவர். எதிரிக்குத் தெரியாதவற்றை அவர் அறிவார். விதியில் இல்லாத நிலை வந்தால் அவர் தீர்ப்பளிப்பார். நண்பர் கூட்டத்தில் அப்பொறுப்பை ஏற்க எளிதில் எவரும் முன்வருவதில்லை. அவருக்கு வெற்றி இல்லை. தோல்வி இல்லை. பகடை உருட்டும் இன்பமும் குறைவு. வாதம் வந்தால் இரு பக்கத்தின் சினமும் அவர் தலையிலேயே விழும். ஆசிரியத் தொழிலில் இருப்போருக்கு இந்நிலையை விளக்க வேண்டியதில்லை.

நடுவர் என்னும் இம்முறை பிரஷ்ய நாட்டிலிருந்து வந்தது. 1812இல் ரைஸ்விட்ஸ் என்பவர் அந்நாட்டு மன்னருக்குப் போர் விளையாட்டு ஒன்றைச் செய்து காட்டினார். அவருடைய மகன் அதனைத் திருத்தி 1824இல் வெளியிட, அது படை அதிகாரிகளின் பயிற்சியாயிற்று. பகடை வீழும், ஆனால் அதன் பொருளை நடுவர் சொல்வார். நடுவர் நேர்மை பிறழ்ந்தால் என்னாகும் என்பதற்கு நம் பகுதியை உலுக்கிய அதே போரிலிருந்து ஒரு சான்று காட்டலாம். சிங்கப்பூர் வீழ்ந்த சில மாதங்களில், 1942ஆம் ஆண்டு மே மாதத்தில், மிட்வே தீவைத் தாக்கும் திட்டத்தை ஜப்பானியக் கடற்படையினர் மேசைமேல் ஆடிப் பார்த்தனர். பகடையின்படி அவர்களுடைய விமானந்தாங்கிக் கப்பல்களின்மேல் ஒன்பது குண்டுகள் விழுந்தன, ககா மூழ்கியது. ஆட்டத்தை நடத்திய தளபதி உகாகி, ஒன்பது என்பதை மூன்று என்று குறைத்தார். பின்னர் மூழ்கிய ககாவும் அடுத்த ஆட்டத்தில் மிதந்து வந்தது. இதனை அக்கடற்படையின் விமானப் படைத் தலைவர்களுள் ஒருவரான பூச்சிடா பின்னர் எழுதினார். ஜூன் மாதம் உண்மைப் போரில் ககா உள்ளிட்ட நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களை ஜப்பான் இழந்தது. அவற்றை மிதக்கவைக்க எந்த நடுவரும் அங்கு இல்லை.

மேசைக்குத் திரும்புவோம். பண்ணை வீட்டின் சன்னலில் நிற்கும் ஒரு வீரனை ஓர்க்கு ஒன்று சுடுகிறது. முதற் பகடை, குண்டு பட்டதா என்று சொல்லும். இரண்டாம் பகடை, பட்ட குண்டு ஊறு செய்ததா என்று சொல்லும். மூன்றாவது, கவசம் காத்ததா என்பதைச் சொல்லும். மூன்றும் பாதகமானால் அவ்வீரனை இரு விரல்களால் எடுத்து மேசைக்கு வெளியே வைத்துவிடுவார்கள். அவன் இறந்தானா? அல்லது தோளில் குண்டு பாய்ந்து நீர் கேட்டுக் கிடக்கிறானா? விதிக்கு அதில் அக்கறையில்லை. இனி அவனால் போரிட இயலாது. ஆகையால் அவன் களத்தில் இல்லை.

இவ்விடத்தில் ஒரு முரண்பாட்டைக் கவனிக்க வேண்டும். இவ்விளையாட்டை ஆடுவோர் ஒவ்வோர் உருவத்திற்கும் பல மாலைகளைச் செலவிட்டு வண்ணம் தீட்டுகிறார்கள். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துக்கொண்டு, மூன்றே மயிரிழை கொண்ட தூரிகையால் கண்ணுக்குப் பாவை வைக்கிறார்கள். சிலர் பெயரும் சூட்டுகிறார்கள். நம் ஊர்களில் மண் குதிரை வனையும் வேளார் கடைசியாகக் கண் திறப்பதைப் போன்ற ஒரு பொறுமை அது. அத்துணை அன்போடு ஆக்கப்பட்ட ஒருவன் வெட்டுண்டபின், எஞ்சிய ஆட்டம் முழுவதும் ஒரு பிஸ்கட் டப்பாவின் மூடியில் மற்றவர்களோடு குவிந்து கிடக்கிறான். அவனை ஆக்கியவனே அவனைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

வெட்டுண்ட காய்க்கு என்ன நேர்கிறது என்பதை வைத்தே விளையாட்டுகளைத் தரம் பிரிக்கலாம் போலிருக்கிறது. தாயத்தில் வெட்டுண்ட காய் மீண்டும் தொடக்கத்திற்குச் சென்று, தாயம் விழுந்ததும் புதுப் பிறவி எடுக்கிறது. வினைக்கொள்கை ஊறிய நாட்டின் ஆட்டம் அல்லவா? ஜப்பானியரின் சோகி என்னும் சதுரங்கத்தில் பிடிபட்ட காய், பிடித்தவனின் படையில் சேர்ந்து பழைய தலைவனுக்கு எதிராகவே களமிறங்கும். மலாயாப் போரில் பிடிபட்ட மோகன் சிங் முதலிய இந்தியப் படையினர், 1942இல் இந்திய தேசிய இராணுவமாகத் திரண்ட வரலாற்றை அறிந்தோருக்கு இவ்விதி வியப்பளிக்காது. சதுரங்கத்தில் வெட்டுண்ட காய்க்கு மறுவாழ்வே இல்லை. பண்ணை வீட்டுப் போரும் இவ்வகையில் சதுரங்கத்தின் வழித்தோன்றலே.

இதில் என்ன பிழை? காயமுற்ற ஒவ்வொருவனையும் மேசைமேலேயே வைத்துக்கொண்டிருந்தால் ஆட்டம் விடியும்வரை முடியாது என்று ஆடுவோர் சொல்வர். உண்மைதான். விளையாட்டு எதையேனும் விட்டுவிட்டுத்தான் ஆக வேண்டும். பசியை விடுகிறது, கொசுவை விடுகிறது, மழையில் நனைந்த காலணியை விடுகிறது. அவற்றுள் எதை விட்டால் போர் போராக இருந்துகொண்டு, ஆனால் அறம் மட்டும் காணாமற் போகிறது என்பதே வினா. இதற்கு விடை காண நூலகம் செல்ல வேண்டியதில்லை. மூவாரிலிருந்து யோங் பெங் செல்லும் சாலையில் பாரிட் சூலோங் என்னும் சிற்றூர்வரை சென்றால் போதும்.

1942ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தின் நடுவில், ஜப்பானியரின் அரச காவற்படை நிஷிமுரா என்னும் தளபதியின் கீழ் மூவார் ஆற்றை அடைந்து கடந்தது. அதனைத் தடுக்க நிறுத்தப்பட்டிருந்தது 45ஆம் இந்தியப் படைப்பிரிவு. இராஜபுத்திரர், கடுவாலியர், ஜாட்டுகள் என்று மூன்று படையணிகள் அதில் இருந்தன. மத்தியக் கிழக்கின் பாலைவனப் போருக்கென்று திரட்டப்பட்டு, பயிற்சி நிறைவுறாமலே சனவரித் தொடக்கத்தில் சிங்கப்பூரில் வந்திறங்கியவர்கள் அவர்கள். மீசை அரும்பாத இளைஞர் பலர். இரப்பர்க் காட்டையும் சதுப்பு நிலத்தையும் அவர்கள் முன்பின் கண்டதில்லை. சில நாட்களில் அப்படைப்பிரிவு நிலைகுலைந்தது. அதன் தலைவர் டங்கன் போரில் இறந்தார். துணைக்கு வந்த ஆஸ்திரேலியப் படையணிகள் இரண்டும் எஞ்சிய இந்தியரும் பக்ரியில் ஒன்று சேர்ந்து, லெப்டினன்ட் கர்னல் சார்ல்ஸ் ஆண்டர்சன் என்பவரின் தலைமையில் ஜனவரி 20ஆம் நாள் பின்வாங்கத் தொடங்கினர்.

சாலை நெடுகிலும் தடைகள். ஒவ்வொரு தடையையும் உடைக்க ஆட்கள் வீழ்ந்தனர். வீழ்ந்தவர்களை லாரிகளில் ஏற்றிக்கொண்டே முன்னேறினர். லாரிகளில் இடம் குறையக் குறைய நடப்பவர்களின் எண்ணிக்கையும் குறைந்தது. 21ஆம் நாள் காலை பாரிட் சூலோங்கை அடைந்தபோது, சிம்பாங் கிரி ஆற்றின் பாலம் பகைவர் கையில் இருந்தது. முன்னும் பகை, பின்னும் பகை. காயமுற்றோரில் மோசமாக இருந்தவர்களை ஏற்றிய இரு மருத்துவ வண்டிகளைப் பாலத்திற்கு அனுப்பி, அவர்களை மட்டும் கடந்து செல்ல விடுமாறு ஆண்டர்சன் கேட்டார். படை முழுவதும் சரணடைந்தால் காயமுற்றோரைக் கவனிப்போம் என்று மறுமொழி வந்தது. அவர் மறுத்தார். வண்டிகள் திரும்பக்கூடாது, பாலத்தின்மீதே தடையாக நிற்க வேண்டும் என்று ஜப்பானியர் ஆணையிட்டனர். அன்றிரவு, தாமும் காயமுற்றிருந்த ஓர் அதிகாரி ஓசையின்றி வண்டிகளின் தடைக்கட்டையைத் தளர்த்த, அவை சரிவில் தாமாகவே பின்னோக்கி உருண்டு தம் பக்கத்தை வந்தடைந்தன.

மறுநாள் காலை விமானங்கள் சிறிது உணவும் வலி தணிக்கும் மருந்தும் போட்டுச் சென்றன. உதவிப் படை வரவில்லை. நடக்க முடிந்தவர்கள் சதுப்பு நிலத்தின் வழியே சிறு சிறு குழுக்களாகத் தப்பிச் செல்லுமாறு ஆண்டர்சன் ஆணையிட்டார். ஏறத்தாழ ஐந்நூறு ஆஸ்திரேலியரும் நானூறு இந்தியரும் தம் படையை மீண்டும் அடைந்தனர். நடக்க இயலாத ஏறத்தாழ 110 ஆஸ்திரேலியரும் 40 இந்தியரும் அங்கேயே விடப்பட்டனர். போர் வழக்கப்படி பகைவர் அவர்களைப் பேணுவர் என்பது நம்பிக்கை. அன்றே அவர்கள் சுடப்பட்டும் குத்தப்பட்டும் எரிக்கப்பட்டும் மாண்டனர். கால் முறிந்த லெப்டினன்ட் பென் ஹாக்னி என்பவர் இறந்தவரைப்போலக் கிடந்து, ஊர்ந்து தப்பினார். அவரைப் போன்று எஞ்சிய மிகச் சிலரால் செய்தி உலகுக்கு வந்தது. நிஷிமுரா விசாரிக்கப்பட்டு 1951ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மனுஸ் தீவில் தூக்கிலிடப்பட்டார். ஆண்டர்சனுக்குப் பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதாகிய விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது. ஆற்றங்கரையில் இன்று ஒரு நினைவுக்கல் நிற்கிறது.

விருது பெற்ற அம்மனிதர் அன்று காலை எடுத்த முடிவு சரியானதா? தொள்ளாயிரவரைக் காக்க நூற்றைம்பதின்மரை விட்டது நியாயம் என்று கணக்குப் போடுவோர் உளர். சரணடைந்திருந்தால் அனைவரும் பிழைத்திருப்பர் என்பதற்கும் உறுதியில்லை. நம்பத் தகாதவரை நம்பினார் என்று குறைகூறுவது, முடிவு தெரிந்தபின் பேசும் நம்மைப் போன்றோருக்கு எளிது. ஒன்று மட்டும் சொல்லலாம். பாலத்தைக் கைப்பற்றுவது, சாலைத் தடையை உடைப்பது முதலிய செயல்களெல்லாம் திறமையைக் கேட்டன. காயமுற்றோரை என் செய்வது என்ற அந்த ஒரு முடிவுதான் மனிதனைக் கேட்டது.

இப்போது அதே நண்பர் நால்வர், கற்பனைப் பண்ணை வீட்டை விட்டுவிட்டு, தம் மாநிலத்தில் உண்மையில் நிகழ்ந்த இப்போரை மேசையில் அமைப்பதாகக் கொள்வோம். பாலம் செய்வார்கள், ஆறு வரைவார்கள், படையணிகளின் எண்ணிக்கையைப் பிழையறத் தேடி எடுப்பார்கள். ஆண்டர்சனை ஆடுபவனுக்கு அந்த 22ஆம் நாள் காலை எவ்வாறு இருக்கும்? அவனுக்கு ஒரு தொல்லையும் இல்லை. காயமுற்றவர்கள் முன்பே பிஸ்கட் டப்பாவின் மூடியில் இருக்கிறார்கள். எஞ்சியவர்களைச் சதுப்பு நிலத்தின் வழியே நகர்த்தினால் போதும். உண்மையான ஆண்டர்சனை வாழ்நாள் முழுதும் தொடர்ந்திருக்கக்கூடிய அந்த முடிவை அவனுக்காக விதியே எடுத்து முடித்துவிட்டது. எடுத்தது என்பது அவனுக்குத் தெரியாமலேயே. இதுவே அப்பழுக்கற்ற பொழுதுபோக்கு எனப்படுவதன் அடியில் கிடக்கும் முள். குருதி காட்டப்படுவதனாலோ துப்பாக்கி காட்டப்படுவதனாலோ இவ்விளையாட்டுகள் மனத்தைக் கெடுப்பதில்லை. கடினமான வினா ஒன்று எழுந்த இடத்திலேயே அதைத் துடைத்துவிடுவதனால் கெடுக்கக்கூடும். கணினித் திரையில் ஆடப்படும் போர்களில் இது இன்னும் விரைவு; வீழ்ந்தவன் சில நொடிகளில் காற்றில் கரைந்துவிடுகிறான்.

இன்னொரு கூட்டத்தாரும் அம்மேசையில் இல்லை. மாநிலத்தின் இரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர் எவர் படையிலும் காயாக இருந்ததில்லை. வென்றவர்கள் 1943இல் அவர்களுள் பல்லாயிரவரைச் சயாம்–பர்மா இரயில் பாதைக்குக் கொண்டு சென்றபோதுதான் போர் அவர்களைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. அது தனியே எழுத வேண்டிய வரலாறு.

காயமுற்றவனைப் பற்றிப் பேசுவது போரின் சுவையைக் கெடுக்கும் என்று நம் முன்னோர் கருதவில்லை. பத்துப்பாட்டுள் நெடுநல்வாடையை நக்கீரர் எவ்வாறு முடிக்கிறார் என்பதை ஆசிரியர்கள் அறிவர். அரண்மனையில் அரசி துயிலாமல் வருந்துகிறாள். பாசறையில் அரசனும் துயிலவில்லை. நள்ளிரவு, வாடை வீசுகிறது, மழைத்துளி ஓயவில்லை. வேப்பிலை கட்டிய வேலை ஏந்திய படைத்தலைவன் முன்னே சென்று, புண்பட்ட வீரரை ஒருவர்பின் ஒருவராகக் காட்ட, நழுவும் ஆடையை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மறு கையை ஓர் இளைஞனின் தோளில் வைத்து, சிலரோடு மட்டும் அரசன் நடக்கிறான். அத்துடன் பாட்டு நின்றுவிடுகிறது. வெற்றி முழக்கம் எதுவும் இல்லை. புறத்திணையிலோ புண்பட்ட கணவனைப் பேய் தொடாதவாறு மனைவி காப்பதற்கென்றே தொடாக்காஞ்சி என்று ஒரு துறையே உண்டு. மனையில் வேம்பு செருகி, ஐயவி சிதறி, மணி ஒலித்து, காஞ்சிப்பண் பாடிக் காப்பதை அரிசில்கிழார் புறநானூற்றில் பாடியுள்ளார். வள்ளுவர் படைச்செருக்கு அதிகாரத்தில், இடருற்ற பகைவனுக்கு உதவுவதையே வீரத்தின் கூர்முனையாக வைத்தார்.

இவற்றைச் சொல்லிச் சங்ககாலப் போரெல்லாம் அறப்போர் என்று மார்தட்டிக்கொள்வது நேர்மையாகாது. பகைவர் ஊரை எரித்ததையும் அவர்தம் நிலத்தைக் கழுதை பூட்டி உழுததையும் அப்பாடல்களே பெருமையுடன் கூறுகின்றன. ஆனால் அவர்கள் வீழ்ந்தவனைக் களத்திலிருந்து கண்காணாமல் அகற்றிவிடவில்லை. படுகளத்தில் மண்ணால் வனைந்த துரியோதனன் எவ்வளவு பெரியவனாகக் கிடக்கிறான்! அவன் தீயவன் என்பதில் ஐயமில்லாத ஊராரே அவனுக்கு ஒப்பாரி வைக்கிறார்கள். சூரன் வீழ்ந்தபின் சேவலாகவும் மயிலாகவும் இறைவனின் பக்கத்திலேயே இருக்கிறான். பழைய போரை மீண்டும் நிகழ்த்துவதில் மனிதன் தேடும் வேறொன்று என்று முன்னர்க் கூறியது இதுவே. வீழ்ந்தவனை அருகில் சென்று காண மற்றொரு வாய்ப்பு.

கற்பனைப் போர் இத்தொல்லைகளிலிருந்து விடுபட்டது என்று சிலர் வாதிடக்கூடும். ரின் உலகில் எந்தத் தாயும் அழவில்லை. ஓர்க்கு எவருடைய மகனும் அல்லன். பாரிட் சூலோங்கைப் பகடை உருட்டி ஆடுவதைவிட அதுவே தூய்மையானது என்பர். மாண்டவர்க்குச் செய்யும் மரியாதை என்ற அளவில் இவ்வாதம் சரியே. ஆடுகின்றவனைப் பொறுத்தவரை சரியாகாது. போருக்கென்றே பிறந்த, இரக்கம் காட்டவும் இரக்கம் கோரவும் தெரியாத பகைவன் கற்பனையில்தான் கிடைப்பான். அவனைக் கைதியாகப் பிடிக்க வேண்டியதில்லை; அவன் காயத்தைக் கட்ட வேண்டியதில்லை. உலகில் கொடுமை செய்த படைகளெல்லாம் தம் வீரர்களுக்கு முதலில் கற்பித்தது, எதிரே நிற்பவன் அத்தகையவன் என்பதைத்தான்.

இதனால் மாணவர் இவ்விளையாட்டை ஆடலாகாது என்று பள்ளியில் தடை விதிக்க வேண்டுமா? தடைவிதிக்கும் ஆசிரியர் நோக்கம் நல்லதே, பயன்தான் இல்லை. மேசையைச் சுற்றி நண்பரோடு அமர்ந்து, விதியைப் படித்து, தோல்வியை ஏற்று, எதிரியோடு ஒரே தட்டில் பலகாரம் உண்ணும் இளைஞன் தனியறையில் திரையை வெறித்திருப்பவனைவிட நன்னிலையில் இருக்கிறான். மேலும், இவ்விளையாட்டின் ஆசிரியர்களே இக்குறையை ஓரளவு உணர்ந்திருக்கிறார்கள். அதே நிறுவனம் 1995இல் வெளியிட்ட நெக்ரொமுண்டா என்னும் விளையாட்டில், ஆட்டம் முடிந்தபின் வீழ்ந்த ஒவ்வொருவனுக்கும் தனித்தனியே பகடை உருட்டுகிறார்கள். இறந்தானா, உடல் ஊனமுற்றானா, பிழைத்தானா, பகைவரிடம் சிக்கினானா என்று அறிகிறார்கள். சிக்கியவனை மீட்டு வருவதற்கென்றே ஓர் ஆட்டம் உண்டு. விதியை மாற்ற முடியாதென்பது இல்லை. மாற்ற எண்ண வேண்டும்.

பண்ணை வீட்டுப் போரில் அதைச் செய்ய வேண்டியவர் அந்த வெற்றி தோல்வியற்ற நடுவர். அவர் ஒரு சிறு விதியைச் சேர்க்கிறார் என்று கொள்வோம். வீழ்ந்தவனை எடுக்கக்கூடாது, வீழ்ந்த இடத்திலேயே படுக்க வைக்க வேண்டும். பின்வாங்கும்போது அவனைத் தூக்கிச் செல்ல இருவர் வேண்டும். தூக்குவோர் சுட இயலாது. பாதித் தொலைவே நகர முடியும். இவ்வளவே.

முதலில் இருபக்கத்தாரும் முணுமுணுக்கிறார்கள். ஆட்டம் தாமதப்படுகிறது என்கிறான் ஒருவன். இரவு மணி பத்தாகிறது. தேநீர் ஆறிவிட்டது. வேலிக்கு அருகில் கருநீலக் கவசம் அணிந்த ஐவர் மல்லாந்து கிடக்கின்றனர். அவர்களுள் ஒருவனுக்கு மட்டும் சென்ற மாதந்தான் கண் தீட்டப்பட்டது. ஓர்க்குகள் இன்னும் இரண்டு முறை நகர்ந்தால் வேலியைத் தொட்டுவிடும். நிற்பவர் நால்வர். பண்ணைக்குப் பின்னால் குன்றுக்குச் செல்லும் வழி திறந்திருக்கிறது. பெத்ரோ காண்டோரை ஆடும் இளைஞன் அளவு நாடாவை ஒருமுறை குன்றை நோக்கி நீட்டுகிறான், பிறகு சுருட்டிக்கொள்கிறான். அவனுடைய முறை என்று எதிரே இருப்பவன் நினைவூட்டுகிறான். அவன் பகடையைக் கையில் வைத்துக்கொண்டு பேசாதிருக்கிறான்.